படகில் வந்த மருமகள்

(மணவூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இது. கடவுச்சீட்டு இல்லாமல், விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் வந்துவிட்ட ஒருவர், அந்த நாட்டுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்துகொண்டால், அந்த மண்ணில் வாழும் உரிமை அவருக்குக் கிடைக்குமா? கிடைக்க வேண்டுமா? முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு நீங்களும் நானும்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை மணவூரில் வந்து ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். பேச வேண்டிய ஊர் இதுதான். நம் பக்கத்துத் திருத்தணி ஒரு காலத்தில் எங்கே இருந்தது? சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. மலை நகரவில்லை, குளம் நகரவில்லை, மனிதர்கள் நகரவில்லை. கோடுதான் நகர்ந்தது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கிறவர்கள் நாம். நகரியிலிருந்து மருமகள் வருகிறாள். புத்தூரிலிருந்து மருமகன் வருகிறான். தெலுங்கு பேசிக்கொண்டு வந்த பெண் இரண்டு பொங்கலுக்குள் நம் வீட்டுத் தமிழ் பேசுகிறாள். 'நீ எந்த வழியாக வந்தாய், தாளைக் காட்டு' என்று யாராவது அவளைக் கேட்டதுண்டா?

ஆனால் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியில் இருக்கிறவர்களைக் கேட்கிறார்கள். அங்கே ஒரு முகாம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் 1990 முதல் அங்கே இருக்கிறார்கள். அந்த முகாமிலிருந்து ஒரு பெண் நம் ஊருக்கு மருமகளாக வந்தால், எல்லாரும் கேட்கிறார்கள்: தாள் எங்கே?

அந்தப் பெண்ணின் குடும்பம் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1983 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அப்போது தொடங்கிய ஓட்டம் 1990-இல், 1995-இல், 2006-க்குப் பிறகு என்று அலை அலையாக வந்துகொண்டே இருந்தது. தலைமன்னாரில் இருட்டில் படகு ஏறுகிறார்கள். படகுக்காரர் தனுஷ்கோடிக்கு அருகே ஏதோ ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார். இடுப்பளவு தண்ணீரில், தலைமேல் மூட்டை, தோளில் குழந்தை. கரைக்கு வந்ததும் என்ன செய்தார்கள்? ஓடி ஒளிந்தார்களா? இல்லை. அரசாங்கத்திடம் போய் நின்றார்கள். மண்டபம் முகாமில் அவர்களை விசாரித்தார்கள், படம் எடுத்தார்கள், பெயர் எழுதினார்கள், அட்டை கொடுத்தார்கள். 'பதிவு இருக்கா, இல்லையா?' என்பதுதான் முகாமில் இன்றைக்கும் கேட்கிற முதல் கேள்வி. பதிவு இருந்தால்தான் உதவித்தொகை, பதிவு இருந்தால்தான் அரிசி. வெளியூர் போக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், செக்கிங் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். முகாமுக்கு வெளியே வீடு எடுத்து வாழ்கிறவர்களுக்கு வெளிப்பதிவு, காவல் நிலையத்தில். இப்படி இந்த அரசாங்கத்தின் பேரேட்டில் 30, 40 ஆண்டுகளாக இருக்கிறவர்களைத்தான் இந்தியக் குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று அழைக்கிறது.

1983-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர், முகாமுக்கு வெளியே ஏறத்தாழ 34 ஆயிரம் பேர். அப்போதுதான் 317 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. புது வீடுகள் கட்டினார்கள். நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் வீடு கொடுக்க மாநில அரசால் முடியும். குடியுரிமை கொடுக்க டெல்லியால்தான் முடியும்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். இந்தியக் குடிமகனை மணந்த அயல்நாட்டவருக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5, உட்பிரிவு 1, கூறு சி. இந்த ஒரு கூறின் கதையைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். இன்றைய பேச்சின் உயிர் இதில்தான் இருக்கிறது.

1955-இல் அந்தக் கூறு என்ன சொன்னது? இந்தியக் குடிமகனை மணந்த பெண்ணைக் குடிமகளாகப் பதிவு செய்யலாம் என்றது. இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆண்களுக்கு அந்த வழி இல்லை என்பது அதன் குறை. 1986-இல் திருத்தினார்கள், 1987 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆணும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள், நல்லது. கூடவே ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள், பரவாயில்லை. 2003-இல் மறுபடியும் திருத்தினார்கள். 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறை. ஐந்து ஏழானது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திருத்தத்தில்தான் ஒரு புதுச் சொல்லைப் பிரிவின் தலைவாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 'சட்டவிரோதக் குடியேறியாக இல்லாத' ஒருவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். செல்லத்தக்க கடவுச்சீட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்தவர் எல்லாரும் சட்டவிரோதக் குடியேறி.

வங்கதேசத்தை ஒட்டிய கிழக்கு எல்லையை மனத்தில் வைத்து எழுதிய சொல், ராமேசுவரம் கரையில் வந்து விழுந்தது. 1983-இல் வந்தவருக்கும் அதுதான், 1990-இல் கைக்குழந்தையோடு வந்தவருக்கும் அதுதான். அவர்கள் வந்த பிறகு, பதிவு செய்த பிறகு, இங்கேயே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகு, ஒரு சொல் பிறந்து, பின்னோக்கி நடந்துபோய் அவர்கள் படகிலிருந்து இறங்கிய நாளில் ஒட்டிக்கொண்டது. 1985-இல் படகில் வந்த ஒரு பெண் அந்த ஆண்டே மணவூர்க்காரரை மணந்திருந்தால், அன்றைய சட்டத்தின் எழுத்தில் அவளுக்கு முன்னால் வழி திறந்திருந்தது. 2005-இல் மணந்த அவள் தங்கைக்கு அந்த வழி மூடியிருந்தது. அக்காள் வந்த அதே படகில்தானே தங்கையும் வந்தாள்? அவள் செய்த பிழை என்ன?

விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அந்த விண்ணப்பத்தை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். இப்போதெல்லாம் கணினியில்தான் நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த தேதி, தொழில் எல்லாம் ஓடிவிடும். பெரும்பாலும் ஆண்களுக்குத் தொழில் பெயிண்ட் அடிப்பது. முகாம்களில் அந்த வேலைக்குப் போகாத வீடு குறைவு. கணவன் அல்லது மனைவியின் குடியுரிமைக்குச் சான்று, இருக்கிறது. திருமணப் பதிவுச் சான்று, இருக்கிறது. அதற்குப் பிறகு விரல் நின்றுவிடும். செல்லுபடியாகும் அயல்நாட்டுக் கடவுச்சீட்டின் நகல். செல்லுபடியாகும் தங்கும் அனுமதியின் நகல். அவர் மடியில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் முகாம் அட்டை இருக்கும், ஆதார் இருக்கும், பிள்ளைகளின் மதிப்பெண் சான்று இருக்கும். கேட்கிற இரண்டு தாள் மட்டும் இருக்காது. உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தவர் எந்தக் கவுன்டரில் நின்று விசா முத்திரை வாங்கியிருப்பார்?

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே யாழ்ப்பாணத்திலிருந்து அதே ஆண்டில் புறப்பட்ட இன்னொருவர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று வையுங்கள். கனடாக் குடிமகன் ஆனார். விமானத்தில் சென்னைக்கு வந்து ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணை மணந்தார். மணத்தைப் பதிவு செய்து இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததும், ஓ.சி.ஐ. அட்டைக்கு அவர் விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் விசா இல்லாமல் வரலாம், போகலாம், தங்கலாம். தப்பில்லை, அவர் உரிமை அது. ஆனால் கும்மிடிப்பூண்டியில் 35 ஆண்டு இருந்து, இந்த ஊர் வீடுகளுக்கு வர்ணம் அடித்து, இந்த ஊர்ப் பெண்ணை மணந்தவருக்கு எதுவும் இல்லை. இங்கே வராதவருக்குக் கதவு திறக்கிறது. இங்கேயே கிடந்தவருக்குத் திறக்கவில்லை. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, தாய்மார்களே. அது பிள்ளைகளைப் பற்றியது. நம் பெண், இந்த மண்ணில் பிறந்த பெண், வாக்காளர் அட்டை வைத்திருக்கும் பெண், ஒரு முகாம் இளைஞனை மணக்கிறாள். திருத்தணி அரசு மருத்துவமனையிலேயே குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தை இந்தியக் குடிமகன்தானே? சட்டத்தைப் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. அதன்பின் 2004 டிசம்பர் 3 வரைக்கும் பிறந்திருந்தால், தாய் தந்தையில் ஒருவர் குடிமகனாக இருந்தாலே போதும். அதற்குப் பிறகு பிறந்திருந்தால், ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் மணவூர்க்காரி. தந்தை படகில் வந்தவர். குழந்தை? பிறப்பால் குடிமகன் இல்லை. பத்து மாதம் சுமந்த தாயின் குடியுரிமை, தந்தை ஏறிவந்த படகுக்கு முன்னால் தோற்றுப்போகிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987-க்கு முன்பு பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் உயர் நீதிமன்றம் வரை போய் வென்று கடவுச்சீட்டு பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். நாடே அதைச் செய்தியாக வாசித்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் ஓட்டுப் போட்டது செய்தியாகும் அளவுக்கு நிலைமை இருக்கிறது.

எதிர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது தவறில்லை, பதில் சொல்வது நம் கடமை. 'முறைதவறி வந்தவருக்குத் தாலியைக் காட்டினால் குடியுரிமை என்றால், நாளைக்குத் தாலியே வியாபாரமாகிவிடாதா?' என்கிறார்கள். நியாயமான அச்சம். போலிக் கல்யாணங்கள் உலகம் முழுதும் நடக்கின்றன. ஆனால் நம் சட்டம் ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறதே! ஏழு ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, பிள்ளை பெற்று, மாமியாருக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுத்து, ஒரு போலிக் கல்யாணத்தை யார் நடத்துவார்? வேண்டுமானால் தெருவில் வந்து விசாரியுங்கள். எந்த வீட்டில் கணவன் மனைவி நிசமாக வாழ்கிறார்கள் என்று சொல்ல நம் தெருக்களுக்குத் தெரியாதா?

'பாதுகாப்பு என்ன ஆவது?' என்று அடுத்து கேட்கிறார்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்தக் கேள்வியை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை. ஆனால் காவல்துறையின் கியூ பிரிவின் கண்காணிப்பில் இத்தனை ஆண்டு வாழ்ந்தவர்களைப்போல் சோதிக்கப்பட்டவர்கள் இந்த நாட்டில் வேறு யார்? குற்றம் செய்தவரைத் தண்டிக்கட்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து முடிவெடுக்கட்டும். மொத்தமாகக் கதவை அடைப்பது மட்டும் வேண்டாம்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? அமெரிக்காவில் 1996-இல் ஒரு சட்டம் வந்தது. முறையின்றி நுழைந்து ஓராண்டுக்கு மேல் தங்கியவர், குடிமகளை மணந்திருந்தாலும், பொதுவாக நாட்டைவிட்டு வெளியே போய்த்தான் குடியேற்ற விசா வாங்க வேண்டும். வெளியே காலை வைத்ததும் பத்தாண்டுத் தடை பாயும், விலக்கு வாங்கினால் ஒழிய. குடும்பத்தைக் காக்கப் போனவர் குடும்பத்தைப் பிரிய வேண்டும். 2024 ஜூனில் அந்த அரசு, பத்தாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்த துணைவர்களுக்கு உள்ளிருந்தபடியே விண்ணப்பிக்க வழி செய்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேருக்குப் பயன் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் டெக்சஸில் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கனடா வேறு வழியில் போனது. குடிமகனின் துணைவர் சரியான விசா இல்லாமல் நுழைந்தவராகவோ காலக்கெடு தாண்டித் தங்கியவராகவோ இருந்தாலும், நாட்டுக்குள்ளேயே இருந்து நிரந்தர வாழ்வுரிமை கேட்கலாம் என்று 2005-இல் ஒரு கொள்கை வகுத்தது. 1986-இல் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை நியூபவுண்ட்லாந்து மீனவர்கள் கரைசேர்த்த நாடு அது. நாம் கனடாவுக்கு எந்த வகையில் குறைந்தவர்கள்?

நம் மரபில் இதற்கு இடமில்லையா? தொல்காப்பியர் களவியலை எழுதி, அடுத்ததாகக் கற்பியலை வைத்தார். ஊரறியாமல் தொடங்கிய உறவை ஊரறிய மணமாக ஏற்று, அதற்குப்பின் பழையதைக் கிளறாமல் இருப்பது நம் அகமரபு. தணிகை மலையில் யார் இருக்கிறார்? வேடனாகவும் விருத்தனாகவும் வேடம் போட்டு, நம்பிராசனின் தினைப்புனத்துக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தவன். அவனை மருமகனாக ஏற்ற வள்ளியின் வீட்டாரைத்தான் இன்றுவரை கொண்டாடுகிறோம்.

நீதிமன்றங்களில் சில நல்ல குரல்கள் கேட்டிருக்கின்றன. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில், உயிர் வாழும் உரிமை குடிமகனல்லாதவருக்கும் உண்டு, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை உள்ளூர் அதிகாரிகள் மேலே அனுப்பியே ஆக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் வழக்கில், விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்று சொல்லிப் புதிதாக விண்ணப்பிக்க வழிகாட்டினார். வேறு குரலும் கேட்டது. 2025 மே மாதத்தில், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர், தன் மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள் என்று முறையிட்டபோது, இந்தியா தர்மசத்திரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் சொல் என்னைச் சுட்டது. சத்திரத்தில் தங்குகிறவன் விடிந்தால் போய்விடுவான். இவர்கள் இங்கே பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள்.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவு, அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா தேவையிலிருந்து விலக்கு. பாதி வழி வந்துவிட்டார்கள்! மீதிப் பாதி என்ன? பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு 2015-இல் இதேபோல் ஒரு விலக்கு கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 'அப்படி விலக்குப் பெற்றவரைச் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியில் இலங்கையின் பெயர் இல்லை. விலக்கு வந்துவிட்டது, அந்த வரி வரவில்லை. அந்த ஒரு வரி வந்தால், ஏழாண்டு மணவாழ்க்கை நடத்திய மருமகளும் மருமகனும் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கலாம். இனிப் பிறக்கும் பிள்ளை இந்தியனாகப் பிறக்கும். 2022-இல் பொருளாதார நெருக்கடியில் வந்தவர்கள் அந்த விலக்குக்குள்ளும் வரவில்லை. அவர்களுக்கும் சேர்த்தே கேட்போம்.

அந்த வரி வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டிய போட்டோ போதும் என்று விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை இருவர் பெயரும் அட்டையில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் ஓராண்டு அலைய வேண்டும். மண்டபத்தில் கொடுத்த முதல் தாளைத் தொலைக்காதீர்கள். படகில் வந்தவர் அரசிடம் மறைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். 'குறுக்கு வழியில் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்த் தாளில் ஒருமுறை அகப்பட்டால் உண்மையான உரிமையும் போய்விடும்.

நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய மனு ஒன்று அதோ வாசலில் மேசைமேல் இருக்கிறது. அந்த ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்கக் குரல் கொடுங்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. படித்துப் பாருங்கள். சரி என்று பட்டால், கையெழுத்தும் ஊர்ப்பெயரும் போட்டுவிட்டுப் போங்கள்.